கதவின் பின்பக்கம்

செய்னுதீன் மரைக்கா அவர்களுக்கு,
வக்கீல் நோட்டீஸ் கிடைத்தது.
பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டுமாம்.
அதில் நான் ‘மேற்படி நபர்’.
ஏழு வருஷமாய் நீங்கள் கூப்பிட்டது டைலரம்மா.
ஜெசிந்தா என்று ஒருத்தி
இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ குடியிருக்கிறாள்.

நோட்டீஸ் வந்த மறுநாள்
மோட்டார் ஒயர் அறுந்து கிடந்தது.
எலி, என்றார் உங்கள் மச்சினர்.
எலி இவ்வளவு நேராக வெட்டாது,
துணி வெட்டுகிறவளுக்குத் தெரியும்.
போகட்டும்.
சோற்றுக்குத் தனியாக உப்புப் போட வேண்டாத தண்ணீர் அது.
குடிக்க எப்போதும் வண்டிக்காரனிடம்
குடம் பதினைந்து ரூபாய்.
கீழக்கரையில் உப்பை நிறுத்தி
ஒருத்தியை விரட்டலாம் என்று
யார் யோசனை சொன்னது?

திங்கட்கிழமை ராமநாதபுரம் போனேன்.
கலெக்டர் ஆபீஸ் வெளியே
மனு எழுதுகிறவர் கேட்டார்:
ஒப்பந்தம்?
இல்லை.
ரசீது?
இருக்கிறது.
எடுங்கள்.
எடுக்க முடியாது ஐயா, அது வீட்டில் இருக்கிறது.
வீடாகவே இருக்கிறது.
அடுப்படிக் கதவின் பின்பக்கம்.

மாதம், தொகை, பக்கத்தில்
என் அளவுப் பென்சிலை வாங்கி
நீங்களே போட்ட கையெழுத்து:
அரபியில் ஒரு வளைவு, மேலே ஒரு புள்ளி.
எண்பத்திரண்டு வளைவு. எண்பத்திரண்டு புள்ளி.
இரண்டு இடம் காலி.
அது கொரோனா நேரம். நான் நீட்டிய பணத்தை
“வச்சுக்கம்மா, ஊரே அடைச்சிக் கெடக்கு” என்று
தொடாமல் திரும்பியவர் நீங்கள்.
அந்த இரண்டு மாதத்தைத்தான்
நோட்டீஸ் பாக்கி என்கிறது.
கையெழுத்துப் போடும் முன்
அந்த வரியை வாசித்தீர்களா மரைக்கா?

உத்தரவு இல்லாமல் சாமானை வெளியே வைக்கக் கூடாதாம்.
தண்ணீரை நிறுத்தக் கூடாதாம்.
கேட்பதற்கென்றே ஓர் அதிகாரி உண்டாம்.
“எழுத்து இல்லாததால கொஞ்சம் இழுக்கும்” என்றும் சொன்னார்,
நூறு ரூபாயை மடித்தபடி.

நேற்று சாத்தையா வந்தார்,
தோளில் ஏணி, கையில் பச்சைப் பெயிண்ட்.
கல்யாண வீடு, கதவெல்லாம் புதுசாக வேண்டும்,
அடுப்படிக் கதவில் ஆரம்பி என்று உத்தரவு.
நான் அந்தக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன்.
தோளுக்கு மேலே எட்டிப் படித்தார்,
மெதுவாக, மாதம் மாதமாக.
“நான் இருக்கிற வீட்டுல இதுகூட இல்ல தாயி.”
டீக்குப் போனவர் விளக்கு வைத்த பிறகுதான் வந்தார்.
அதற்குள் படம் எடுத்துவிட்டேன்.
போன் கண்ணாடியில் கீறல்,
படத்தில் இல்லை.

உங்கள் மகள் சபீனா
ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்திருந்தாள்.
வீடு அவளுக்கு என்று எனக்குத் தெரியும்.
இந்த ஊரில் வீடு பெண்ணுக்குப் போகும்.
நல்ல வழக்கம்.
எங்கள் மூக்கையூரில் என் அண்ணன்மாருக்குப் போனது,
இல்லாவிட்டால் உங்களுக்கு ஏன் வாடகை கொடுக்கிறேன்?
கையைத் தூக்கும்மா என்றேன்.
தூக்கியபடியே கேட்டாள்:
“அக்கா, இங்க மழ எந்தப் பக்கம் அடிக்கும்?”
கீழ்ச் சன்னல்.
வாடைக்காற்று ஏறினால் சாக்கு செருகு,
மேல் கொண்டியை இரண்டு தரம் தட்டு.
நாடா என் கையில் தளர்ந்துவிட்டது,
மறுபடி அளந்தேன்.

போக மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.
போவதற்கு ஒரு முறை இருக்கிறது என்கிறேன்.
முன்பணம் நாற்பதாயிரம் கைக்கு வரட்டும்,
மழை விடட்டும்,
மகன் அரையாண்டுப் பரீட்சை எழுதட்டும்.
தையில் சாவி தருகிறேன், உங்கள் கையில்,
மச்சினர் கையில் இல்லை.
அதுவரை அந்தக் கதவுக்குப் பச்சை வேண்டாம்.

ரவிக்கை வெள்ளிக்கிழமை கிடைக்கும்.
கூலியை வாடகையில் கழிக்கவில்லை,
கணக்கு வேறு, கல்யாணம் வேறு.
இந்த மாதப் பணம் கவரில் இருக்கிறது.
நீங்களே வாருங்கள்.
பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.