இலை உருவும் நாள்

பீடோரில் குளிர்காலம் கிடையாது.
மழை உண்டு, அதிக மழை உண்டு.
ஆகவே என் பதினொரு கொடிகளுக்கு
எப்போது தூங்குவதென்று தெரியாது.
உரச்சாக்கில் வேர்விட்டு
துணி காயும் கம்பிமேல் ஏறி
இலை விட்டுக்கொண்டே இருக்கின்றன,
லீவு கேட்கத் தெரியாத ஆட்களைப் போல.

இன்று ஞாயிறு. ஆலைக்கு லாரி இல்லை.
ஸ்டூல் போட்டு ஏறி
ஒவ்வொரு இலையாக உருவுகிறேன்.
பனி செய்யும் வேலையைப்
பத்து விரலால் செய்கிறேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் ரொஹானா அக்கா
செத்துப்போச்சா என்கிறாள் மலாயில்.
இல்லை, தூங்க வைக்கிறேன்.
தலையாட்டுகிறாள்,
புரிந்தோ, என்மேல் பாவப்பட்டோ.

ஒதீல் பார்த்தால் சிரிப்பாள்.
அவளுக்கு என் வயதுதான். மூன்று ஹெக்டேர்,
வங்கிக் கடன், வலது முட்டியில் வலி.
இரண்டு சரிவு: ஒன்றில் சுண்ணாம்புக் கல்,
மற்றதில் பூட்ஸைப் பிடித்திழுக்கும் களி.
ஒரே பழம், ஒரே வெயில்,
பீப்பாய் மட்டும் வேறு வேறு.
ஏன் கலக்கவில்லை என்று கேட்டேன்.
இரண்டு பிள்ளைக்கு ஒரே பேரா வைப்பாய்
என்பதுபோல் எதையோ சொன்னாள்.
என் பிரெஞ்சுக்கு அப்படித்தான் கேட்டது.

படிக்கப் போன இடத்தில் வாடகை துண்டு விழ
மூன்று வாரம் அவளிடம் பழம் வெட்டினேன்.
கத்தரி என் கட்டைவிரலை இருமுறை ருசி பார்த்தது.
சர்க்கரை அளக்கும் கருவி அவளிடம் உண்டு,
ஜன்னலில் தூசி படிந்து.
அவள் விதையைக் கடிப்பாள்.
பச்சையாய்க் கசந்தால் துப்பிவிட்டு
எட்டு ஆளுக்கும் அன்றைய கூலி கொடுத்து
வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.
வறுத்த கொட்டைபோல் நொறுங்கினால்
ஒரே கைதட்டல். வெட்டு.

எனக்கு அது புதிதில்லை.
குலை பழுத்ததைச் செம்பனை வாயால் சொல்லாது,
அடியில் உதிரி கிடக்கும்.
மண்டோர் அதை எண்ணித்தான் கத்தியைத் தூக்கச் சொல்வார்.

தொட்டியில் அவள் எதையும் சேர்க்கவில்லை.
ஈஸ்ட் பொட்டலம் இல்லை.
தோலில் ஒட்டிவந்த தூசிதான்
வேலையைத் தொடங்க வேண்டும்.
மூன்றாம் இரவு மரத்தில் காதை வைத்தாள்,
என்னையும் வைக்கச் சொன்னாள்.
தூரத்தில் தகரக் கூரையில் மழை.
அந்த ஊரில் தகரக் கூரையே இல்லை.

இப்போது நான் தராசு மேடைக் கிராணி.
லாரி ஏறும், எண் விழும், ரசீது கிழிப்பேன்.
எந்தச் சரிவு, எந்த மண் என்று
ரசீதில் கட்டம் இல்லை.
ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன்,
இது எந்தப் பக்கத்துக் குலை?
ஏன், கணக்கு இடிக்குதா என்று
பயந்துபோனார் டிரைவர் தனராஜூ.

போன வருடம் நாலு கிலோ,
மைனா தின்றது போக, பூஞ்சை தின்றது போக.
பிஸ்கட் ஜாடியில் கையால் பிசைந்து மூடினேன்.
மூன்றாம் இரவு காதை வைத்தேன்.
நிஜமாகவே கூரையில் மழை.
எது எதுவென்று தெரியவில்லை.

இரண்டு பாட்டில் தேறியது.
தனராஜூ ஒரு வாய் குடித்து முகம் சுளித்து
இன்னொரு வாய் குடித்துச் சொன்னார்:
புளிக்குதும்மா. ஆனா ஒரு இரும்பு வாசம்,
நம்ம பைப் தண்ணி மாதிரி.

அதை அப்படியே ஒதீலுக்கு எழுதினேன்.
பதில் ஏப்ரல் கடைசியில் வந்தது.
ஒரே இரவு உறைபனி.
களிச் சரிவு முழுக்கக் கருகிவிட்டது,
மொட்டுகள் தொட்டால் உதிர்கின்றன.
அந்தப் பீப்பாய் இந்த வருடம் காலி.
கீழே, வேறு மையில்:
உன் இரும்பில் கொஞ்சம் அனுப்பேன்.

பத்துக் கொடி முடிந்தது.
பனி செய்யும் வேலை என்று மேலே சொன்னேன்.
தப்பு. பனிக்கு
எங்கே நிறுத்துவதென்று தெரியாது.

பதினொன்றாவதை அப்படியே விட்டுவிட்டு
ஸ்டூலை உள்ளே எடுக்கிறேன்.
மழை வருகிறது.