அறுபத்தொன்பதில் நாற்பது போக

பட்டறையில் செருகிப் பார்க்க மட்டும் எண்பது வெள்ளி.
என்ன பழுது என்று சொல்வதற்கு அது.
சரிசெய்ய வேறு.
"எரிஞ்சா எரியட்டும்" என்று தவமலர்
அந்த மஞ்சள் விளக்கின் மேல் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டினாள்.
மூன்று வாரம் ஒட்டுத்தாளோடு ஓடியது வாஜா.

ஜாலான் பாசாரில், மாடிப்படிக்கு அடியில் கடை.
லியோங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
இழுப்பறை இழுப்பறையாகத் திறந்தார்.
எட்டுக்கால் சில்லு ஒன்று, டிரான்சிஸ்டர் இரண்டு,
பச்சை பழுப்பு பழுப்பு என வரியோடிய ரெசிஸ்டர்.
ஒன்றாக விற்பதில்லையாம், பத்துதான்.
மீதி ஒன்பது இன்னும் ஏதோ ஒரு சட்டைப்பையில்.

வண்டிக்குப் பன்னிரண்டு வோல்ட் பேச்சு,
மடிக்கணினிக்கு ஐந்து.
இவன் முணுமுணுப்பு அவனுக்குக் கேட்காது,
அவன் வாய்திறந்தால் இவன் கருகிப்போவான்.
நடுவில் நின்று குரலை ஏற்றி இறக்க
ஓர் ஆள் வேண்டும்.
அந்த ஆளைத்தான் சாப்பாட்டு மேசையில்
ஈயம் உருக்கிச் செய்துகொண்டிருந்தேன்,
காற்றாடியை நிறுத்திவிட்டு,
புகை நேராக மூக்குக்கு வரும்படி.
அவனுக்கு வீடு,
தீபாவளிக்கு முறுக்கு வந்த சிவப்பு மூடி டப்பா.

செவ்வாய் இரவு முதல் சோதனை.
கறுப்பும் சிவப்பும் இடம் மாறியதில்
டப்பென்று ஒரு ஃபியூஸ்.
வானொலி மணியை மறந்து
பன்னிரண்டு, பன்னிரண்டு என்று கண்சிமிட்டியது.
காவலுக்கு நின்ற நேபாளத்துக்காரர் டார்ச்சோடு குனிந்து
வண்டி உங்களுடையதுதானா என்று மலாயில் கேட்டார்.
ஆமாம் என்று சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மழை விட்டதும் இரண்டாவது.
விநாடிக்கு ஐந்து துடிப்பு,
அவ்வளவு மெதுவாகத்தான் அந்தக் கதவைத் தட்ட வேண்டும்.
மூன்று மூன்று என்று தட்டினேன்.
திரையில் உடனே: மூன்று மூன்று.
"பேசுது! பேசுது!"
முழங்கை ஹாரனில் பட்டு
ஏழாவது மாடியிலிருந்து யாரோ ஏசினார்கள்.

பக்கத்து இருக்கையில் கால் மடக்கி உட்கார்ந்திருந்த தவமலர்,
சைபர்ஜெயாவில் நாளுக்கு எட்டு மணி நேரம்
அடுத்தவர் புகாரைக் காதில் மாட்டிக்கொள்பவள்,
திரையை எட்டிப் பார்த்தாள்.
"நீ அனுப்புனதுதானே இது?
லைன்ல எக்கோ. எனக்குத் தினமும் வரும்.
என் ஹலோவை நானே கேட்டுட்டு
அந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு நெனச்சுக்குவேன்."

உண்மைதான்.
போக ஒன்று வர ஒன்று கிடையாது, ஒற்றைக் கம்பி.
நாம் சொன்னது நமக்கே வந்து சேரும்.
அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்க வேண்டும்.
அன்று மிச்சம் எதுவும் இல்லை.

சனிக்கிழமை முழுக்க மீட்டரின் முள்முனையால் நெருடி
ஏழாம் ஊசிக்குப் போகும் ஈயம்
பளபளவென்று உட்கார்ந்திருந்தும்
பிடிக்காமல் இருந்ததைக் கண்டேன்.
பார்வைக்கு அதுதான் எல்லாவற்றிலும் அழகான பற்று.

ஞாயிறு இரவு பத்தரை.
வேலை முடிந்து ரயிலில் வந்தவள்
மாடிக்கு ஏறாமல், செருப்பைக் கழற்றிவிட்டு
வண்டியில் வந்து உட்கார்ந்தாள்.
தட்டினேன்.
மூன்று மூன்று. என் குரல். கழித்தாயிற்று.
பிறகு,
ஐந்து ஐந்து.
நான் அனுப்பாதது.

இந்தத் தடவை ஹாரன் இல்லை.
அது ஓர் எண் சொன்னது.
ஒன்றைச் சுழியாக்கி, சுழியை ஒன்றாக்கி
நான் திருப்பிச் சொல்ல,
என் முதல் தட்டலை அதுவும் அப்படியே புரட்டிச் சொன்னது.
இப்படித்தான் அறிமுகமாம் இவர்களுக்கு.
சொன்னதையே சொன்னால் நம்புவதில்லை.

பழுதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.
அதற்குத்தானே இவ்வளவும்.
"சூடு எவ்வளவுன்னு கேளு" என்றாள்.
கேட்டேன்.
அறுபத்தொன்பது என்றது.
அதில் நாற்பதைக் கழிக்க வேண்டும், அதன் கணக்கு அப்படி.
இருபத்தொன்பது.
நாள் முழுக்க அசையாமல் கிடந்த எஞ்சினுக்கும்
கண்ணாடி இறக்கிய செந்தூலுக்கும்
எங்களுக்கும் ஒரே வெக்கை.

ஒட்டுத்தாளுக்குப் பின்னால் மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னொரு தடவ கேளு."
கேட்டேன்.
இருபத்தொன்பது.