செம்பு, இரண்டாம் தரம்

ஏறாவூரில் எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை.
தகரமும் பற்றரியும் உடைந்த தண்ணிப் பம்பும்
ரோட்டு வரைக்கும் வந்து கிடக்கும்.
அதுதான் பலகை.

செங்கலடியிலிருந்து ஓட்டோவில் வந்தா
யோகசவுந்தரி டீச்சர்.
சாரித்துண்டில் சுற்றிய ஒன்றைத்
தராசுத் தட்டில் வைத்தா.
அவிழ்த்தேன்.
அடித்துத் தட்டிய செம்புத் தகடு.
வண்ணாத்திப்பூச்சி ஒன்றை
யாரோ வலச்சிறகில் தூக்கிப் பிடித்த மாதிரி.

"இதென்ன டீச்சர்?"
"நாடு. சாம்பியா.
எழுபத்து நாலில போய் ஏழு வருசம்
கிட்வேயில கணக்குப் படிப்பிச்சனான்.
வரக்குள்ள தந்தாங்கள்."

அரத்தால் ஓரத்தில் ஒரு இழுப்பு.
உள்ளேயும் செம்புதான்.

நடுவில் ஒரு கடி இருந்தது.
வடக்கே நின்று யாரோ பல்லை இறக்கி
இடுப்பை ஒடுக்கிவிட்டார்கள்.
"தட்டக்குள்ள பிழைச்சிட்டா?"
"இல்ல தம்பி. கோடு கீறினவங்கள் கடிச்சது.
அந்த மண்ணில கால் வைக்காதவங்கள்.
கிட்வேயில இருந்து லுவாப்புலாவுக்குக் குறுக்கால போறதெண்டால்
சொந்த நாட்டுக்குப் போக
அடுத்த நாட்டுக்குள்ளால போகோணும்.
ரெண்டு செக்பொயின்ற்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
செங்கலடிக்கும் ஏறாவூருக்கும் நடுவில்
நாங்களும் ஒருகாலம் அப்படி இருந்தவர்கள்தான்.
அவவும் அதைச் சொல்லவில்லை.

சாம்பேசி ஆற்றை ஆணியால் கீறியிருந்தது.
விரலை அதில் ஓட்டிக்கொண்டு போனேன்,
தகட்டின் ஓரம் வந்தது, கடல் வரவில்லை.
"கடல் இல்ல. வாவியைக் கரும்பலகையில கீறிக் காட்டினன்.
மீன் பாடுமெண்டு சொன்னதை நம்பினாங்கள்,
தண்ணி உப்பெண்டதை நம்பல்ல.
எழுபத்தெட்டுப் புயலில எங்கட கூரை போன சேதி
பதினேழு நாள் கழிச்சு வந்திச்சு.
பக்கத்து வீட்டு முலெங்கா
சோள மாவில களி கிண்டிக் கொண்டுவந்து
ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள்."

பிறகு டீச்சர் தகட்டைப் பார்க்காமல்
தராசின் முள்ளைப் பார்த்துச் சொன்னா:
"சுரங்கத்துக்குள்ள இறங்கி ஏறினவங்கட பிள்ளைகள் என்ட வகுப்பில.
நான் போன அடுத்த வருசம் விலை விழுந்திச்சு.
சீனி இல்ல, சவர்க்காரம் இல்ல,
பெயிலான பிள்ளையெண்டு இல்ல,
பசியில நித்திரை கொண்ட பிள்ளை.
மண்ணுக்குள்ள இருந்த செம்பு குறையல்ல தம்பி.
லண்டனில ஆரோ ஒருத்தன் போனை வச்சான், அவ்வளவுதான்."

அப்போது என் போன் அடித்தது.
கொழும்பு மொத்த யாவாரி.
"காக்கா, லண்டன் இறங்கிட்டு.
கிலோவுக்கு நூற்றைம்பது குறைச்சுப் பிடிங்க."

டீச்சருக்குக் கேட்டுவிட்டது.
கணக்கின் விடை முன்பே தெரிந்தவரின் சிரிப்பு.
"இன்னும் அவன்தானா?"

ஒரு கிலோ முந்நூற்று நாற்பது.
பழைய விலைக்கே எண்ணிக் கொடுத்தேன்.
தர்மம் இல்லை.
அவ முன்னால் நின்று குறைக்க வாய் வரவில்லை.
"பிழை," என்றா.
இருநூற்றியொரு ரூபாயைத் திருப்பி
மேசையில் வைத்தா.
மிச்சத்தைக் கரண்ட் பில்லின்
சிவப்பு நோட்டீசுக்குள் மடித்தா.

"இதை என்ன செய்வாங்கள்?"
"உருக்குவாங்க, டீச்சர்."
"வயராகட்டும்," என்றா.

ஓட்டோ திரும்பும்போது கேட்டேன்,
அந்த நாடு எந்தப் பக்கம் என்று.
டீச்சர் கடைச் சுவரைப் பார்த்து யோசித்தா.
"நீங்க தொழ நிக்கிற மாதிரி நில்லுங்க.
இடக்கைப் பக்கம். கொஞ்சம் முன்னால."

வியாழன் லொறி வந்தது. ஏற்றினேன்.
ரசீதில் எழுதினேன்:
செம்பு, இரண்டாம் தரம்.

அன்று இஷாவில்
கடைசி ஸலாமுக்கு இடப்பக்கம் திரும்பிய கழுத்து
பாதியில் நின்றுவிட்டது.
பக்கத்து ஸப்பில் இருந்த
மீன்கார உதுமாலெவ்வை
எழும்பும்போது மெல்லக் கேட்டான்:
"என்ன காக்கா, கழுத்துப் பிடிச்சிட்டா?"