சரக்கு மட்டும்

பத்து போல்ட்டு.
எட்டு சொன்னபடி கேட்டுச் சுழன்றன.
ஒன்பதாவது துருவில் ஊறிக் கிடந்து
என் கட்டைவிரலைக் கிழித்தது.
கடைசியை அறுத்துத்தான் எடுத்தேன்.
லெய்ட்ரிம் மழைக்கு
இரும்பென்றால் எப்போதும் இளப்பம்.

வண்டி ஸோர்கா மக்கீர்னனுடையது.
பழைய லேண்ட் குரூசர், மூன்று லிட்டர் எஞ்சின்.
ஆள் ஏற்றும் வண்டி என்றால்
ஆண்டு வரி ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்.
சரக்கு வண்டி என்றால் முந்நூற்று முப்பத்து மூன்று.
"நடுவுல இருக்கிறது எட்டு ஆட்டுக்குட்டி, ரிமாஸ்"
என்றாள் என்னிடம்.
யூரோவில் எண்ணிப் பழகாதவள் அவள்.

பின்னிருக்கையைத் தூக்கினால்
அடியில் காய்ந்த ஆரஞ்சுத் தோல்,
ஒற்றைக் காலுறை,
செம்மறிக்குப் பூசும் நீலச் சாயத்தின் மூடி,
நான்காக மடித்த வீட்டுப்பாடம்.
ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று
அழுத்தி எழுதியிருந்தது.
வாங்கிப் பார்த்தாள்.
என் காதில் செருகியிருந்த பென்சிலை உருவித்
திருத்திவிட்டுச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"பிள்ளைகள்?" என்றேன்.
"ஸ்கூலுக்கு பஸ் வருது."
"மற்ற நேரம்?"
"முன்னாடி ஒரு சீட்டு இருக்கே. முறை போட்டுக்குவாங்க."

துளைகளை வெல்டிங் வைத்து அடைத்தேன்.
பெல்ட்டுகளைக் கழற்றினேன்.
அவை பிறந்த கொக்கிகளை
அடியோடு அரைத்து எடுத்தேன்.
ஜன்னல் இருந்த இடத்தில் தகடு.
மறுபடி யாரும் உட்கார முடியாதபடி செய்ய வேண்டும்,
அதுதான் விதி.
நான் விதியை மீறுகிறவன் இல்லை,
லிதுவேனியாவிலும் இல்லை, இங்கும் இல்லை.

இன்சூரன்ஸ் பெண் போனில் கேட்டாளாம்:
தொழில் என்ன?
ஆடு.
சொந்த உபயோகம் உண்டா?
ஸோர்கா சற்று யோசித்திருக்கிறாள்.
"என் வாழ்க்கையிலயே அது இல்லம்மா."

காவல் நிலையத்தில் படிவத்துக்கு முத்திரை வேண்டும்.
சரக்கு மட்டும் ஏற்றுவேன்,
வேறெதற்கும் ஓட்டமாட்டேன் என்று
போலீஸ்காரர் ப்ரெஸ்லின் எதிரில் கையெழுத்து.
அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எதுல வருவே?"
"வரதை நிறுத்திட்டேன்."
டொக்.
முத்திரை சற்றே சாய்ந்து விழுந்ததாகச் சொன்னாள்.

அதற்குப் பின் நடந்ததை
எனக்கு யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி.
சாலையெல்லாம் கண்ணாடியாக உறைந்திருந்த விடியலில்
ஒரு காரைப் பள்ளத்திலிருந்து இழுக்கப் போனேன்.
ப்ரெஸ்லினின் சொந்தக் கார்.
மூக்கு வேலிக்குள், வால் வானத்தில்.
தடம் இரண்டு தெரிந்தது பனியில்:
ஒன்று அவருடையது, வந்து விழுந்தது;
இன்னொன்று நின்று, பின்வாங்கி,
ஸ்லைகோ ஆஸ்பத்திரிப் பக்கம் போயிருந்தது,
அகலமான டயர்.
அந்த டயரை மாட்டியதும் நான்தான்.

மத்தியானம் கடைக்கு வந்தார்.
"ஸோர்காவோட சின்னவளுக்கு
இப்ப ஜுரம் இறங்கிடுச்சாம்" என்றார்,
நான் கேட்காமலே.
முன்சீட்டில் யார் இருந்திருப்பார்கள் என்று தெரிந்தது.
சீருடைக் கால்சட்டை முழுக்க ஆட்டு மயிர்.
முழங்காலில் நீலச் சாயம்.
முதுகில் தீவன மூட்டையின் தூசி,
எழுத்து தலைகீழாகப் பதிந்து
இருபத்தைந்து கிலோ என்று படிக்கலாம்போல.

நான் அதைப் படிக்கவில்லை.
பம்பருக்கு விலை சொன்னேன்.
தேநீர் போட்டேன்.

கொட்டகையின் மூலையில்
நான் கழற்றிப் போட்ட பின்னிருக்கைகள்
ஒன்றின்மேல் ஒன்றாய்,
இந்த வட்டாரத்தின் குடும்பங்களெல்லாம்
எழுந்து போனபின் மிஞ்சியதுபோல.
கீழே இறக்கி வைத்திருந்தது ஒன்றுதான்.
வருகிறவர்கள் உட்காரட்டுமென்று.

அதில் அமர்ந்தார்.
வெகுநேரம் கோப்பையை ஊதினார்.
"உன் வெல்டிங் சுத்தம், ரிமாஸ்.
தடவிப் பார்த்தேன்.
பன்னிரண்டு மைல் இருட்டு,
பிடிச்சுக்க ஒரு கொக்கிகூட விட்டு வைக்கல நீ."

சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.
இடது கை மட்டும்
தோளுக்குப் பின்னால் போய்
அங்கே இல்லாத பெல்ட்டைத்
தேடிக்கொண்டே இருந்தது.