குடிக்கணக்கு

ல்வூவ் என்றால் ஒருவர் முறைப்பார்,
ல்வீவ் என்றால் இன்னொருவர்.
அதனால் எங்கள் சுதந்திர நகரத்தின்
தண்ணீர் மீட்டர் மூடிகளில்
'நகரம்' என்று மட்டும் வார்த்திருந்தார்கள்,
அதையும் லத்தீனில்.

நகரத்துக்கு வயது பதினைந்து.
என் வேலைக்கும் அதே வயது.
நிலவறைப் படி, மெழுகுவத்தி, ஊறிய முட்டைக்கோஸ் நாற்றம்,
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன முள்.
யார் வீட்டில் குழந்தை பிறந்தது,
யார் மகன் சிறையிலிருந்து வந்துவிட்டான்,
யார் புருஷன் இந்தக் குளிர்காலமும் வரவில்லை,
எல்லாம் முள் சொல்லும்.
எந்த மொழியிலும் சொல்லாது.

போன மே மாதம்
டென்மார்க்கிலிருந்து வந்த ஆணையர்
தலைகளை எண்ணச் சொன்னார்.
எந்தத் தலை கூடுதலோ
அந்தத் தலையின் நாக்குக்கே
நீதிமன்றம், பள்ளிக்கூடம், டிராம் சீட்டு.

அன்று மாலையே வந்தார் போலிஷ் சங்கத்து வ்னுக்,
கையில் ஒரு ஜோடி பூட்ஸ்.
"ரயிலடித் தெரு பதினொன்றில்
எத்தனை பேர் படுக்கிறார்கள்?"
இருபது கன மீட்டர் ஐயா, என்றேன்.
மறுநாள் உக்ரைனியப் பால்பண்ணையிலிருந்து
ஒஸ்தாப் ட்ஸிண்ட்ரா,
இலையில் சுற்றிய வெண்ணெயோடு.
அதே தெரு. அதே எண்.
அதே இருபது.
இருவருக்கும் தண்ணி காட்டிவிட்டாய் என்று
மனைவி சிரித்தாள்.
வெண்ணெய் நன்றாயிருந்தது.
பூட்ஸ் கடித்தது.

(எங்கள் மேட்டில் ஒரு தேவாலயம்.
அதன் கூரையில் விழும் மழையில்
ஒரு பக்கத்து நீர் பால்டிக்குக்குப் போகும்,
மறுபக்கத்து நீர் கருங்கடலுக்கு.
கூரையைப் பங்கு கேட்டு
இன்னும் யாரும் மனு எழுதவில்லை.)

எண்ணும் நாளுக்கு முந்தைய இரவு
விளக்கணைத்த ரயில்கள் வந்தன,
இரண்டு திசையிலிருந்தும்.
விடிந்ததும் முட்களுக்குப் பேய் பிடித்தது.
இரண்டறை வீட்டில்
நாற்பது பேர் முகம் கழுவினார்கள்.
செத்தவர்களும் பட்டியலில் இருந்தார்கள்,
அவர்கள் மட்டும்தான்
தண்ணீர் கேட்கவில்லை.

நான் எடுத்ததும் குடிக்கணக்குதான்.
என்னை யாரும் கூட்டிப் பார்க்கச் சொல்லவில்லை.

முடிவு வந்தது. இரு தரப்பும் வென்றன.
இரு தரப்பும் வென்றதால்
கற்கள் மூன்றாம் தரப்பின் ஜன்னலுக்குப் போயின.

வைக்கோல் சந்து, இருபத்தாறு.
ஃபைவெல் ஷோர், தொப்பி தைப்பவர்.
மனைவி, மூன்று பிள்ளைகள்.
'வீட்டில் பேசும் மொழி' என்ற கட்டத்தில்
'சத்தம் அதிகம்' என்று எழுதிய மனிதர்.
திங்கட்கிழமை போனேன். கதவு பூட்டியிருந்தது,
கண்ணாடி இருந்த இடத்தில் அட்டை.
கீழே முள் நகர்ந்துகொண்டிருந்தது,
மெதுவாக, நிற்காமல், ஒரே சீராக.
மனிதர்கள் அப்படிக் குடிப்பதில்லை.
குழாயைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வால்வில் கை வைத்தேன்.
"விடு" என்றாள் மேல்மாடி லெயோகாதியா,
கரி வாளியைப் படியில் வைத்துவிட்டு.
படி பெருக்கும் முறைக்காகச் சண்டையிட்டு
ஷோர் குடும்பத்தோடு ஏழு வருடம் பேசாதவள்.
"சத்தம் கேட்கிறவரை
ஆள் இருப்பதாக நினைப்பார்கள்."

ஒன்பது மாதம் அந்த வீடு குடித்தது.
கட்டணத்தில் பாதியை அவள் கட்டினாள்,
மீதியை நான் எண்களுக்குள் கரைத்தேன்.
நோட்டில் எழுதியது: வழக்கம்போல்.
ஆணையர் ஊருக்குப் போனார்.
டிராம் சீட்டில் இப்போது
எழுத்தே இல்லை, விலை மட்டும்.

பிப்ரவரியில் குழாய் உறைந்தது.
அன்றிரவே கதவை உடைத்தார்கள்.
தையல் இயந்திரம் போனது, கட்டில் போனது,
குழாயையும் கழற்றிப் போனார்கள்.
எந்தத் தரப்பு என்று
லெயோகாதியா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் மாதக் கணக்கு.
வைக்கோல் சந்து, இருபத்தாறுக்கு நேரே
பதினேழு கன மீட்டர் என்று எழுதினேன்.
யாராவது கேட்டால் சொல்வேன்:
ஷோர் வீட்டில்
சத்தம் அதிகம்.