மைனஸ் ஒன்று

வேதாளைக் கரையில் உட்கார்ந்து
பதினோரு வள்ளங்களின் விளக்குகளை எண்ணுகிறேன்.
எல்லாம் மண்டபத்தில் ஒரே கடையில் வாங்கியவை,
ஒன்பது வாட், வெள்ளை.
எந்த வள்ளத்தில் எரிந்தாலும் ஒரே விளக்கு,
அதனால் மங்கல்தான் தூரம்:
இரு மடங்கு தள்ளிப்போனால் கால் வெளிச்சம்.

என் பிழைப்பே இந்த ஒரு வரிக் கணக்கு.
வெண்குள்ள விண்மீன்கள் வெடித்துச் சாகும்போது
ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் சாகின்றன.
மங்கலைப் பார்த்து நாங்கள் தூரம் சொல்வோம்.

அப்படிச் சொன்னதில்தான் வந்தது வினை.
இருக்கவேண்டியதைவிட மங்கலாக இருந்தன அவை.
மெல்ல ஓயவேண்டிய விரிவு
அவசரப்பட்டுக்கொண்டிருந்தது.
தள்ளுவது எதுவென்று தெரியாமல்
இருள் ஆற்றல் என்று பெயர் வைத்தோம்.
வலையில் விழாத மீனுக்கும்
கரையில் பெயர் உண்டு.

கடைசி விளக்கு, தீவுக்கு அப்பால்,
நேற்றைவிட மங்கல்.
"மச்சான் ரொம்பத் தூரம் போய்ட்டாரு."
"தூரமுமில்ல ஒண்ணுமில்ல, பாட்டரி இறங்கியிருக்கும்.
இல்லாட்டி கண்ணாடியில உப்புப் படிஞ்சிருக்கும்.
தொடைங்கன்னா தொடைச்சாத்தானே"
என்றாள் அக்கா நம்புசெல்வி, கொசுவை அடித்தபடி.

புனேயில் மூன்று மாதமாக
என்னைக் குடைவதும் இதே கேள்வி.
நடுவில் தூசியா,
அந்தக் காலத்து விளக்கே வேறா,
உண்மையிலேயே தூரமா?

நாலாவது தடவைதான் போன் போனது.
"வெளக்கு நல்லாத்தான் எரியுது.
எஞ்சினை அணைச்சுட்டுச் சும்மா கெடக்கேன்,
நீவாடு கொண்டு போகுது.
இந்நேரம் தளரணும். தளரல."
அக்கா திட்டத் தொடங்கினாள், பாதியில் டவர் போனது.

மடியில் திரை விழித்தது. கணக்கு முடிந்திருந்தது:
மைனஸ் பூச்சியம் புள்ளி ஒன்பது இரண்டு.
பிழைக்கோட்டின் நுனி
மைனஸ் ஒன்றைத் தொட்டும் தொடாமலும்.
மைனஸ் ஒன்று என்றால் அந்த இழுப்பு
என்றைக்கும் கூடாது, குறையாது.
இல்லையென்றால்
ஒருவேளை தளர்ந்துகொண்டிருக்கிறது.
இரண்டில் எதற்கு ஆசைப்படுகிறேன் என்று எனக்குத் தெரியும்.
ஆகவே இன்றிரவு
அந்த எண்ணை நான் நம்பக்கூடாது.

நாலரைக்கு எஞ்சின் சத்தம்.
ஒளி பெருத்துப் பெருத்து வந்து
மணலில் முட்டி நின்றது.
மச்சான் வலையை இறக்கினார், யாரும் எதுவும் பேசவில்லை.
நான் போய் விளக்கின் கண்ணாடியைத் தொட்டேன்.

விரலில் உப்பு.

எவ்வளவு மங்கல் இதனால்,
எவ்வளவு கடலால்?
துடைக்காமல் வைக்கச் சொன்னேன், நாளை இரவுவரை.