மூன்றாம் படி

ஒரு படிவத்துக்கு நூற்றெண்பது ரூபாய்.
முழுதாய் நிரப்பினால் மட்டும்.
இருபத்தாறு கேள்வி,
கடைசிப் பக்கத்தில் ஓர் ஏணிப் படம்.

குருநகரில் ஐஸ் கொம்பனி மதிலோரம்
சைக்கிளைச் சாத்திவிட்டு
முதல் மூன்று படிவங்களை நானே நிரப்பினேன்.
வெயில். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது.
தட்டிய படலை ஒன்றும் திறக்கவில்லை.
ஏணியில் மூன்று பேருக்கும் ஐந்து போட்டேன்.
ஐந்தை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
ஐந்தென்றால் இங்கே
‘ஏதோ இருக்கிறம்.’

நாலாவது வீட்டில் நாய் குரைத்தது,
பிறகு ஆள் வந்தா.
பெயர் மெற்றில்டா. வயது நாற்பத்தாறு.
தொழில்: நண்டுக் கொம்பனியில் சதை எடுத்தல்.
விரல் நுனி நாலில் பிளாஸ்ரர்.
“கேளும் பிள்ளை, நான் வெங்காயம் உரிச்சுக்கொண்டு சொல்லுறன்.
கண்ணீர் வந்தா அதை எழுதாதையும்.”

*செய்யும் காரியங்களில் ஆர்வம் குறைந்துள்ளதா?*

“ஆர்வமோ? கிலோவுக்கு இவ்வளவு எண்டு காசு.
கூட எடுத்தா சுவரிலை
பேருக்குப் பக்கத்திலை வெள்ளி ஒட்டுவினம்.
மாசி மாதம் எனக்குப் பதினொரு வெள்ளி.
முந்தி எனக்கு அந்த வேலை பிடிக்கும், தெரியுமே?
கால் ஒண்டை உடையாமல்
முழுசா உருவி எடுக்கேக்கை ஒரு சந்தோசம்.
வெள்ளி ஒட்டத் தொடங்கினாப் பிறகு
நான் எண்ணத் தொடங்கீட்டன்.”

இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்.

*பதற்றம், படபடப்பு?*

“விடிய மூண்டு மணிக்கு நெஞ்சுக்குள்ளை ரெயில் ஓடும்.
அவர் கடலுக்குப் போற நாளிலை இல்லை.
போகாத நாளிலை.”

வெங்காயத் தோல் காற்றில் பறந்து
படிவத்தின் மேல் வந்து குந்தியது.
நான் மேலே கேட்கவில்லை. அவவும் சொல்லவில்லை.

*காரணம் எதுவுமின்றி மகிழ்ச்சியாய் உணர்ந்தீர்களா?*

“காரணமில்லாமல் சிரிச்சா
பெரியாஸ்பத்திரியிலை அதுக்கு வேற வார்ட்டெல்லோ!”
சிரித்தா. எனக்கும் வந்துவிட்டது.
பேனை உருண்டு நாயின் காலடியில் விழுந்தது,
நாய் எழும்பி இடம் மாறிப் படுத்தது,
அதற்கும் சிரித்தோம்.
எத்தனை நாள் என்ற கட்டத்தில்
இன்று என்று எழுத இடமிருக்கவில்லை.

பிறகு ஏணி.
*பத்தாம் படி மிகச் சிறந்த வாழ்க்கை.
அடிப்படி மிக மோசமானது.
இப்போது எங்கே நிற்கிறீர்கள்?*

படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தா.
“எங்கட ஏணி உப்பிடியில்லை.
கூரைத் தகரம் மாத்த வாங்கினது, ஏழு படி.
மூண்டாவது முறிஞ்சு போச்சு.
ரெண்டிலை நிண்டு நாலை எட்டிப் பிடிச்சு
ஒரு உன்னு உன்ன வேணும்.
கால் ஒண்டிலையும் இல்லாமல் ஒரு கணம் வரும் பிள்ளை,
நான் பெரும்பாலும் அங்கைதான்.
அதுக்கு என்ன நம்பர்?”

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

“உந்தப் பேப்பருக்கு உமக்கு எவ்வளவு தருவினம்?”
சொன்னேன்.
“அட, நீரும் என்னை மாதிரிக் கிலோக் கணக்குத்தான்.
அப்ப ஐஞ்சு எண்டு போடும்.
கரைச்சல் இல்லை. இன்னும் எத்தினை வீடு கிடக்கோ.”

பைக்குள் மூன்று ஐந்துகள் கிடந்தன.
நாலாவதைக் கை எழுதவில்லை.
இரண்டையும் நாலையும் கூட்டி
இரண்டால் பிரித்தேன்.
மூன்று என்று வந்தது.
இல்லாத படி.
அதைத்தான் வட்டமிட்டேன்.

அந்த மூன்று படிவங்களையும் நான் கிழிக்கவில்லை.
ஐந்நூற்று நாற்பது ரூபாய்.
பின்சில்லுக்கு ரியூப் மாற்ற வேண்டும்.

யாகப்பர் கோவில் மணி அடித்தது.
அடுத்த படலையில் ஒரு மனிசன்
வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார்.
இருபத்தாறு கேள்வியையும் மடித்துக் கக்கத்தில் வைத்தேன்.

“ஐயா, உங்கட வீட்டிலை
ஏணி இருக்கோ?”